தாவரச் சலவையும் தென்பெண்ணையும்



அன்றாடம் துவைக்க, துலக்க, கழுவப் பயன்படும் பொருள்களைத் தாவரங்களிலிருந்து செய்வது பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பு கிடைத்தால் நம் ஊரில் பேச்சு இரண்டு வழியாகத்தான் போகும். பாட்டி காலத்துச் சீயக்காய்க்குத் திரும்புவோம் என்பார் ஒருவர். பசுமை வேதியியல்தான் நாளைய உலகம் என்று திரையில் படம் காட்டுவார் இன்னொருவர். இரண்டையும் நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். பேசுவது ஓசூரில் என்பதால் நான் பக்கத்தில் தென்பெண்ணையின் குறுக்கே இருக்கும் கெலவரப்பள்ளி அணையிலிருந்து தொடங்குகிறேன்.

மழை பெய்து மதகு திறந்ததும், தண்ணீர் விழுந்து அடிபடும் இடத்தில் நுரை கிளம்பும். முதலில் அழுக்கு வெள்ளையாகத் திட்டுத்திட்டாக மிதக்கும். சற்று நேரத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து ஆளுயரத்துக்கு எழும். காற்றடித்தால் பெயர்ந்து போய்ப் பக்கத்து வயலில் விழும். தரைப்பாலத்தை மூடி, போக்குவரத்தை நிறுத்தி, தீயணைப்பு வண்டி வந்து தண்ணீரைப் பீய்ச்சிக் கலைத்த நாட்களும் உண்டு. அள்ளிப் பார்த்தால் கையில் கனமே தெரியாது. வற்றியதும் விரலிடுக்கில் சாம்பல் நிறக் கசடு ஒட்டிக்கொண்டிருக்கும். சாக்கடை வாடை வரும். அந்தத் தண்ணீரைத்தான் கொத்தமல்லிக்கும் முட்டைகோஸுக்கும் பாய்ச்சுகிறோம்.

இந்த நுரை எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நந்தி மலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணை பெங்களூருவின் கிழக்கு ஓரமாக வருகிறது. நகரத்துக் கழிவுநீர் பெல்லந்தூர் ஏரியில் விழுந்து, வர்த்தூர் ஏரிக்குப் போய், அங்கிருந்து ஆற்றில் சேர்கிறது. கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் என்று போய்க் கடலூரில் கடலைத் தொடுகிறது. 2015 மே மாதம் பெல்லந்தூர் ஏரியின் நுரை தீப்பிடித்து எரிந்தபோது நாடே வேடிக்கை பார்த்தது. அதே ஏரித் தண்ணீர் சில நாட்களில் நம் அணைக்கு வந்து சேரும் என்பதை அப்போது அதிகம் பேர் பேசவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரரைத் திட்டுவது நமக்கு எளிது. தண்ணீர் வராவிட்டாலும் கர்நாடகம், நுரை வந்தாலும் கர்நாடகம். ஆனால் பெங்களூருவில் வாங்கும் சலவைத்தூளும் ஓசூர் பேருந்து நிலையத்துக் கடையில் வாங்கும் சலவைத்தூளும் ஒரே சரக்குதான். அதன் மூலப்பொருள் நம் சென்னை மணலியிலேயே தயாராகிறது. உர நிறுவனமான ஸ்பிக்கும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் நிறுவனத்தின் முக்கியச் சரக்கே அதுதான். மண்ணெண்ணெயிலிருந்து நேர்ச் சங்கிலிப் பாரஃபினைப் பிரித்து, பென்சீனோடு சேர்த்தால் லீனியர் அல்கைல் பென்சீன் கிடைக்கும். அதைச் சல்போனேற்றம் செய்தால் கரும்பழுப்பில் ஒரு கெட்டித் திரவம். தொழிலில் அதற்கு ஆசிட் ஸ்லர்ரி என்று பெயர். சோடாவைப் போட்டு அதன் அமிலத்தைப் போக்கினால் எல்.ஏ.எஸ். என்ற சலவைப் பொருள். சலவைத்தூளில் அழுக்கை எடுக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது இதுதான்.

இது எப்படி நம் வீட்டுக்குள் வந்தது? விளம்பரத்தால் மட்டும் வந்துவிடவில்லை. உப்புத் தண்ணீரால் வந்தது. கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பார் சோப்பைத் தேய்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நுரை வராது, வாளி விளிம்பில் வெள்ளைத் திரை படியும். தண்ணீரிலுள்ள கால்சியம் சோப்பைப் பிடித்துக் கரையாத உப்பாக மாற்றிவிடுவதால் பாதிச் சோப்பு தண்ணீருக்கே செலவாகிவிடும். எல்.ஏ.எஸ். அந்தத் தண்ணீரிலும் ஓரளவு தாக்குப்பிடித்தது. 1959இல் சர்ஃப் வந்தது, பத்தாண்டு கழித்து கர்சன்பாய் படேலின் நிர்மா வந்தது, ஏழை வீட்டு வாளியிலும் நுரை பொங்கியது. துவைகல்லில் நின்ற பெண்களின் முதுகுவலியை அது குறைத்தது என்பதை ஒதுக்கிவிட்டு இயற்கை பேசுவது எனக்குச் சம்மதமில்லை.

ஆற்றில் நுரை என்பதும் உலகத்துக்குப் புதிதல்ல. 1950களில் ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்க ஆறுகளில் இதே காட்சி. அன்றைய சலவைத்தூளில் இருந்தது கிளைச் சங்கிலி அமைப்பு. நுண்ணுயிர்களால் கிளையைக் கடிக்க முடியவில்லை. ஜெர்மனி 1961இல் சட்டம் போட்டு 1964இல் அதை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. அமெரிக்கத் தொழிலதிபர்கள் 1965 வாக்கில் தாங்களாகவே நேர்ச் சங்கிலிக்கு மாறினார்கள். நுரை அடங்கியது. அந்தப் பாடத்தின் விளைவாகப் பிறந்த சரக்குதான் இன்றைய எல்.ஏ.எஸ்.

அப்படியானால் நம் ஆற்றில் மட்டும் ஏன் நுரைக்கிறது? என் பேச்சின் மையமே இந்தக் கேள்விதான்.

எல்.ஏ.எஸ். சிதையும், ஆனால் சிதையக் காற்று வேண்டும். அதன் மூலக்கூறில் இருக்கும் பென்சீன் வளையத்தை உடைக்க நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் தேவை. காற்றூட்டிச் சுத்திகரிக்கும் நிலையத்தில் அது சில நாட்களில் போய்விடும். சாக்கடை நேராக ஏரியில் விழுந்து, ஏரி அழுகி, தண்ணீரில் ஆக்சிஜனே இல்லாமல் போனால் அது அப்படியே கிடக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் பெல்லந்தூர் ஏரியைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து இதைத்தான் கண்டார்கள். கழிவுநீர் ஏரியைக் கடக்க 10 முதல் 15 நாள் ஆகிறது. காற்றில்லாத அந்தப் பயணத்தில் சலவைப் பொருள் சிதையாமல், அடியில் படியும் சேற்றில் ஒட்டிக்கொள்கிறது. நாளாக ஆக அங்கே செறிவு ஏறுகிறது. கனமழை பெய்து சேறு கலங்கும்போது சேமித்து வைத்ததெல்லாம் ஒரே நாளில் எழும்புகிறது. சேற்றுத் துகளும் பாக்டீரியாவும் அந்த நுரையைக் கலையவிடாமல் தாங்குகின்றன. நமக்கு மழைக்காலத்தில் நுரை கூடுவதன் காரணம் புரிகிறதல்லவா?

சாதாரணச் சோப்பு, தேங்காய்க் கொழுப்பிலிருந்து வரும் கொழுப்பு ஆல்கஹால் சல்பேட், மாவுச்சத்தும் கொழுப்பும் சேர்ந்து உண்டாகும் அல்கைல் பாலிகுளுக்கோசைடு ஆகிய மூன்றும் காற்றில்லாத சேற்றிலும் சிதையக்கூடியவை. தாவரப் பொருளுக்கு நான் பரிந்து பேசுவது இதற்காகத்தான். செடியிலிருந்து வந்தது புனிதமானது, மண்ணெண்ணெயிலிருந்து வந்தது பாவம் என்ற கணக்கு எனக்கில்லை. எல்லா வீட்டுக் கழிவும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் ஊரில் இந்த வேறுபாடு சிறியது. சாக்கடை ஏரியில் விழும் ஊருக்கு அடுத்த ஊரில் இருப்பவருக்கு இது பெரிய வேறுபாடு. நாம் அந்த அடுத்த ஊர்.

சரி, எந்தத் தாவரம்? பூந்திக்கொட்டையில் தொடங்குவோம். கொட்டையை உடைத்து உள்ளிருக்கும் கறுப்பு விதையை எறிந்துவிட்டு, சுருங்கிய தோலை மட்டும் இரவு ஊறவைக்க வேண்டும். காலையில் மிதமான தீயில் கொதிக்கவிட்டால் நுரை பாத்திரத்தின் வாய்க்கு ஏறும். பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஆறியதும் கசக்கி வடிகட்டினால் வெளிர் பழுப்பு நீர், புளிப்பும் பழ வாசமும் கலந்த ஒரு மணம். அதிலுள்ள சபோனின்தான் அழுக்கைத் தூக்குகிறது. உப்புத் தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. காரமும் இல்லை. அதனால்தான் பொற்கொல்லரும் பட்டுப்புடவை துவைப்பவரும் அதை விடாமல் வைத்திருக்கிறார்கள். கடையில் வாங்கும் சலவைத்தூளில் புரதம் தின்னும் என்சைம் சேர்த்திருந்தால், பட்டும் ஒரு புரதம் என்பதால் அதையும் கூடவே மென்றுவிடும். பட்டு வளர்ச்சிப் பயிற்சி நிலையம் வைத்திருக்கும் ஓசூரில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஆனால் வடித்த நீர் வெளியில் இரண்டு நாள் தாங்காது, புளித்துவிடும். சிட்ரிக் அமிலமும் கெடாமல் காக்கும் பொருளும் சேர்க்காமல் பாட்டிலில் விற்க முடியாது. சேர்க்கவில்லை என்று லேபிளில் போட்டிருந்தால் ஒன்று அது பொய், அல்லது பாட்டில் சீக்கிரம் வீங்கும். அதோடு சபோனின் மீனுக்கு நஞ்சு. இறால் பண்ணைகளில் வேண்டாத மீனைக் கொல்ல, சபோனின் நிறைந்த தேயிலை விதைப் பிண்ணாக்கைத்தான் போடுகிறார்கள். சில நாட்களில் சிதைந்துவிடும் என்பது உண்மை. சிதைவதற்குள் குட்டைக்குப் போனால் மீன் மிதக்கும் என்பதும் உண்மை.

இன்னொரு சின்னக் கணக்கும் போட்டுப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பின்படி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஏறக்குறைய 18.8 லட்சம் பேர். வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தால் 4.7 லட்சம் வீடு. வீட்டுக்கு மாதம் ஒரு கிலோ பூந்திக்கொட்டை என்றால் ஆண்டுக்கு 5,640 டன். இதைத் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காட்டிலிருந்து பொறுக்கிக் கொண்டுவரச் சொன்னால் காடு என்னவாகும்? பொறுக்குவது விதையோடு கூடிய பழம். முளைப்பதற்கு மிச்சம் இருக்காது. பூந்திக்கொட்டையும் சீயக்காயும் அரப்பும் பட்டுக்கும் தங்கத்துக்கும் தலைக்கும் இருக்கட்டும். காட்டு ஓரத்தில் பொறுக்குகிறவருக்கு நியாயமான விலை கிடைக்கட்டும். தொழிற்சாலைச் சீருடையை அதில் துவைக்க நினைக்க வேண்டாம்.

வாளிக்கணக்கில் வேண்டுமென்றால் நம் ஊரில் விளையும் பொருளைப் பார்க்க வேண்டும். நமக்குத் தெற்கே சேலம், நாமக்கல் முழுக்க மரவள்ளிக் கிழங்கு, தர்மபுரியிலும் உண்டு. ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் விற்க 1981இலேயே சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பு வந்துவிட்டது. ஸ்டார்ச்சை உடைத்தால் குளுக்கோஸ். குளுக்கோஸையும் ஆல்கஹாலையும் அமிலம் தொட்டுச் சேர்க்கலாம் என்று ஜெர்மன் வேதியியலாளர் எமில் பிஷர் 1893இலேயே காட்டிவிட்டார். அதே வழியில் கொழுப்பு ஆல்கஹாலைச் சேர்த்துத் தொழிலாக்க ஏறக்குறைய நூறு ஆண்டு ஆயிற்று. ஹென்கெல் நிறுவனம் 1990களில் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் பெரிய ஆலைகள் போட்டது. நான் முன்பு சொன்ன அல்கைல் பாலிகுளுக்கோசைடு அதுதான். உப்புத் தண்ணீருக்கு அசையாது, கையைக் கடிக்காது, பாத்திரம் துலக்கும் திரவத்துக்கு அருமையான பொருள். 100 டிகிரிக்கு மேல் சூடாக்கி, வெற்றிடத்தில் தண்ணீரை இழுத்துக்கொண்டே செய்ய வேண்டிய வினை. அடுப்படி வேலையல்ல, சிப்காட் தொழிற்பேட்டை வேலை. இந்த ஊர் இளைஞர்களுக்குத் தெரியாத எந்த இயந்திரமும் அதில் கிடையாது.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. மாவு நம்முடையது, கொழுப்பு நம்முடையதல்ல. நன்றாக நுரைத்து அழுக்கெடுக்க 12 கார்பன் நீளமுள்ள லாரிக் கொழுப்பு வேண்டும். பெருமளவில் கிடைக்கும் எண்ணெய்களில் அது நிறைய இருப்பது தேங்காயிலும் பனைக்கொட்டை எண்ணெயிலும் மட்டுமே. நான் சொல்வது நம் ஊர்ப் பனையல்ல, செம்பனை. வேம்பு, புங்கன், ஆமணக்கு, கடலை எல்லாமே பெரும்பாலும் 18 கார்பன் சங்கதி. தேங்காய் எண்ணெயைச் சமையலிலிருந்து பிடுங்கி வாளியில் ஊற்றினால் விலை கட்டாது. ஆகவே சந்தையில் தாவரப் பொருள் என்று வரும் பெரும்பாலான திரவத்தில் இருப்பது இந்தோனேசியா, மலேசியாவின் செம்பனை. 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா மூன்று வாரம் பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியதும் இங்கே சோப்புக்காரர் எல்லோரும் கலங்கிப் போனார்கள். அங்கே காட்டை அழித்துச் செம்பனை நட்டு இங்கே ஏரியைக் காப்பாற்றுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பச்சை இலைப் படம் போடுகிறார்கள்.

அந்த முடிச்சை முழுக்க அவிழ்க்க முடியாது, கொஞ்சம் தளர்த்தலாம். நுரை தேவைப்படாத இடங்களில் 18 கார்பன் எண்ணெய்களைப் பயன்படுத்தலாம். பினாயிலை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மகளிர் குழுக்கள் செய்து விற்கும் வெள்ளைப் பினாயிலில் வாசத்துக்கும் கிருமிக்கும் இருப்பது பைன் எண்ணெய். அதைத் தண்ணீரில் கலக்க வைப்பது பெரும்பாலும் ஆமணக்கெண்ணெய்ச் சோப்பு அல்லது ரோசின் சோப்பு. பைன் எண்ணெய் பைன் மரத்துக் கற்பூரத் தைலத்திலிருந்து வருகிறது. ஆக, யாரும் பசுமை என்று பறையடிக்காமலே பாதி தாவரப் பொருளாக இருக்கிறது நம் பினாயில். கறுப்புப் பினாயில் வேறு. அது நிலக்கரித் தாரிலிருந்து வருவது.

அடுத்தது பட்டறை. ஓசூரில் அதிகம் பேசாத சலவை இதுதான். உதிரிபாகம் செய்யும் சின்னப் பட்டறைகளில் கடைசல் வேலை முடிந்த துண்டுகளை மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டு பிரஷால் தேய்க்கிறார்கள். ஷிப்ட் முடிந்ததும் கிரீஸ் படிந்த கையை அதே மண்ணெண்ணெயில் நனைத்து, சலவைத்தூளும் மரத்தூளும் போட்டுத் தேய்க்கிறார்கள். புறங்கை வெடித்து நகக்கண் கறுத்துப் போன கைகள் இந்த அரங்கிலும் இருக்கும். புங்க எண்ணெயை மெத்தனாலோடு சேர்த்துச் செய்யும் மெத்தில் எஸ்டர், அதாவது டீசலில் கலக்கும் அதே பொருள், கிரீஸை நன்றாகக் கரைக்கும். மண்ணெண்ணெய் 40 டிகிரியை ஒட்டியே தீப்பிடிக்கும் ஆவியை விடத் தொடங்கிவிடும். இது 100 டிகிரியைத் தாண்ட வேண்டும். வெல்டிங் பொறி பறக்கும் கூரைக்குக் கீழே இந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை. குறையும் உண்டு. சீக்கிரம் உலராது, மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுவைக்கும், பெயிண்ட் அடிக்கும் துண்டென்றால் மறுபடி கழுவியாக வேண்டும். அதனால் முதலில் கை கழுவும் இடத்திலும், பெயிண்ட் தேவைப்படாத துண்டுகளிலும் தொடங்கச் சொல்வேன்.

நம் மாவட்டத்துக்கே உரிய பொருள் ஒன்றும் வீணாகிறது. மே முதல் ஜூலை வரை மாங்கூழ் ஆலைகளுக்கு வெளியே குவியும் மாங்கொட்டை. பெங்களூரா ரகம்தான் அதிகம். உலர்ந்த பருப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொழுப்பு. சாக்லேட்டில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகப் போடும் அளவுக்கு நல்ல கொழுப்பு. ஆனால் சாக்லேட்காரர் கேட்கும் தரம் நமக்குக் கிடைப்பது கடினம். ஜூன் மழையில் நனைந்த கொட்டை சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்து, கொழுப்பு உடைந்து அமிலமாகிவிடும். சோப்புக்காரருக்கு அது குறையே அல்ல. காரத்தைப் போட்டால் அந்த அமிலமும் சோப்பாகத்தானே ஆகப்போகிறது! அதில் வரும் சோப்பு கெட்டியாக இருக்கும், நுரை குறைவாக இருக்கும். கொழுப்பு இவ்வளவு குறைவாக உள்ள பருப்பைச் செக்கில் ஆட்டி எடுக்க முடியாது. கரைப்பான் கொண்டு பிரிக்கும் ஆலை வேண்டும். கொட்டையை உடைக்கக் கூலி ஆகும். இரண்டரை மாதச் சரக்கை நம்பி ஆண்டு முழுக்க ஆலை ஓட்ட முடியாது, ஆகவே புங்கனும் வேம்பும் மற்ற மாதங்களுக்கு வேண்டும். இப்படிக் கணக்குப் போட்டுப் பார்க்கும் ஒரு தொழில்முனைவரை நான் எதிர்பார்க்கிறேன். மாங்கனிக் கண்காட்சியில் ஆண்டுதோறும் விதவிதமான மாம்பழத்தை அடுக்கி வைக்கிறோம். கொட்டைக்கு ஒரு மேசை போட்டால் என்ன?

பழத்தோலைப் புளிக்கவைத்துச் செய்யும் பயோ என்சைம் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். வெல்லம் ஒன்று, பழத்தோல் மூன்று, தண்ணீர் பத்து, மூன்று மாதம். செய்யுங்கள், தரை துடைக்க நல்லது. அதில் வேலை செய்வது பெரும்பாலும் புளித்து உண்டான அமிலம். அற்புதம் என்று சொல்லி விற்காதீர்கள். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விடுங்கள், கண்ணாடிப் பாட்டில் வேண்டாம்.

கடைசியாக, வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் போலிப் பசுமை விளம்பரத்துக்கு எதிராக வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இயற்கை, சூழலுக்கு உகந்தது என்றெல்லாம் போட்டால் ஆதாரம் காட்ட வேண்டும். நல்லதுதான். ஆனால் எந்த ஆதாரம்? மட்கும் என்று எழுதியிருக்கும் சரக்குக்குப் பெரும்பாலும் காட்டப்படுவது காற்றுள்ள தண்ணீரில் 28 நாளில் 60 சதவீதம் சிதைகிறதா என்ற ஓ.இ.சி.டி. 301 வகைச் சோதனை. 2004ஆம் ஆண்டின் ஐரோப்பிய விதி கேட்பதும் அதே அளவைத்தான். எல்.ஏ.எஸ். கூட அதில் தேறிவிடும். நம் ஏரிச் சேற்றின் நிலைமையை அது பார்ப்பதே இல்லை. காற்றில்லாத சேற்றில் 60 நாள் வரை வைத்துப் பார்க்கும் சோதனை தனியாக இருக்கிறது; ஓ.இ.சி.டி. 311 என்று பெயர்.

ஓசூரில் ஒவ்வொரு பெரிய ஆலைக்கும் கேன்டீன் உண்டு, சீருடைச் சலவை உண்டு, ஆயிரக்கணக்கானோர் கை கழுவும் குழாய்கள் உண்டு. இவற்றுக்கெல்லாம் சலவைப் பொருள் வாங்குவது பர்ச்சேஸ் பிரிவில் உட்கார்ந்திருக்கும் சிலர். அவர்களில் பலரை முன்வரிசையில் பார்க்கிறேன். அடுத்த டெண்டரில் விலைக்கும் அடர்த்திக்கும் பக்கத்தில் இரண்டு கட்டம் கூடுதலாகப் போடுங்கள். ஒன்று, 311 சோதனை முடிவு. மற்றது, கொழுப்பு எந்த நாட்டிலிருந்து வந்தது என்பது. முதல் முறை பாதிப் பேர் பதில் எழுதாமல் விடுவார்கள். எழுதியனுப்புகிறவர்களை அழைத்து, மாங்கொட்டைச் சோப்பு கிடைக்குமா என்றும் விசாரித்துப் பாருங்கள். வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் ஆலை போட ஆள் வரும்.